ஒரு பழைய டிரெடிலும் என் வயிற்றுக் கலக்கமும்

பழைய லெட்டர்பிரஸ் மெஷின் வாங்கி விற்கிறவனுக்கு, மெஷின் கைக்கு வராதவரை வரவில்லையே என்று கவலை. வந்துவிட்டால் ஏன்தான் வந்ததோ என்று கவலை. பழைய மோட்டார், பழைய வேன், பழைய கிரைண்டர் என்று எதையாவது ஒருவரிடம் வாங்கி இன்னொருவர் தலையில் கட்டிப் பிழைக்கிற சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் எல்லாம், "இந்தக் காலத்துல இதையெல்லாம் யாருங்க வாங்குறா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வாங்குகிறார்கள். எழுத்துக் கோத்து அச்சடிக்க அல்ல, அட்டைப் பெட்டி வெட்ட. பிளைவுட்டில் கத்தித் தகடு பதித்த டை ஒன்றை மெஷினில் மாட்டி, அட்டையை உள்ளே கொடுத்தால் ஸ்வீட் பெட்டி அப்படியே வெட்டுப்பட்டு, மடிப்பும் விழுந்து வெளியே வரும். பில் புக்கில் நம்பர் அடிக்கவும் கிழிக்கிற ஓட்டை போடவும்கூட இதுதான். திண்டுக்கல்லில் நான் இருபது வருஷமாக இந்த மெஷின்களை நம்பித்தான் இருக்கிறேன். இங்கே சொல்லப்போவது அதில் ஒரே ஒரு மெஷினைப் பற்றி. என் ஆயுளில் ஒரு அஞ்சு வருஷத்தைக் கழித்துக்கொண்டு போன மெஷின் அது.

விரலைப் பார்ப்பது

டிரெடில் மெஷின் என்றால் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற இரண்டு இரும்புப் பலகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது வலது கை அட்டையை உள்ளே வைக்க வேண்டும், இடது கை வெட்டின அட்டையை எடுக்க வேண்டும். மூடுவதற்குள் இரண்டு கையும் வெளியே வந்தாக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை. அதனால் எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் நான் முதலில் மெஷினைப் பார்ப்பதில்லை, அதை ஓட்டுகிறவரின் விரல்களைத்தான் பார்ப்பேன். பத்தும் இருந்தால் மெஷின் யோக்கியமானது என்று ஒரு கணக்கு.

ஊருக்குள் ஒரு பிரஸ்ஸை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். உரிமையாளர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எல்லோருக்கும் 'சார்'. அவருடைய டிரெடிலை முப்பது வருஷமாக ஓட்டியவர் சவரிமுத்து. நான் வழக்கம்போல வணக்கம் சொல்கிற சாக்கில் அவர் கையைப் பார்த்தேன். இடது மோதிர விரலில் நுனியைக் காணோம். எனக்குப் பகீர் என்றது. மெஷினைப் பார்க்காமலே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என் பார்வை போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"ரொம்பப் பாக்காதீங்க தம்பி. இது மெசின்ல போனதில்ல, எம் மச்சினன் கல்யாணத்துல பந்தக்காலு நடுறப்ப போனது."

மாதா படத்துக்குக் கீழே

வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு மணி மாதிரி 'ணங்' என்று பேசும். விரிசல் இருந்தால் 'டொத்' என்று ஊமையாகிவிடும். விரிசல் விட்ட மெஷின் மெஷின் அல்ல, பழைய இரும்பு. அதிலும் அட்டை வெட்டுவதற்கு, எழுத்து அச்சடிப்பதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அழுத்துகிற நேரத்தில் சட்டம் விட்டுக் கொடுத்தால் பலகைகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாரும் சொல்ல முடியாது. கை உள்ளே இருக்கிற நேரமாகவும் இருக்கலாம்.

சாரின் மெஷினை மூன்று பக்கமும் தட்டினேன். ணங், ணங், ணங். நாலாவது பக்கம், அதாவது இடது பக்கம், சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவரில் மாதா படம். மெஷினின் இடது பக்கத்துத் தட்டிலேயே விளக்கு, பூ, ஜெபமாலை எல்லாம் வைத்திருந்தார்கள். அது அக்டோபர், ஜெபமாலை மாதம். தினமும் அங்கேதான் குடும்பமாக ஜெபமாலை சொல்கிறார்கள். சாரின் மனைவி டீயும் மிக்சரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எரிகிற விளக்கை நகர்த்திவிட்டு மாதாவுக்கு முன்னால் சுத்தியலை ஓங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் மாதா கோயிலுக்குப் போகிறவன்தானே. "சார், இந்தப் பக்கம் மட்டும்..." என்று இழுத்தேன்.

சார் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருசமா மாதா பாத்துக்கிட்ட மெசின் தம்பி. நீங்க மூணு நிமிசத்துல புதுசா என்னத்தப் பாத்துரப் போறீங்க?"

ஸ்லாப்பில் கேட்ட சத்தம்

அந்தப் பக்கத்தைத் தட்டாமலே விலை பேசி முடித்தேன். மெஷினை வாங்குவது வேலையே இல்லை. அதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை. ஒரு டன் இரும்பு, மூன்று அடி வாசல், ஆட்டோ திரும்ப முடியாத சந்து. கீழே இரும்புக் குழாய்களைப் போட்டு, பின்னால் போகிற குழாயை எடுத்து முன்னால் போட்டு, அங்குலம் அங்குலமாக உருட்ட வேண்டும். லோடுமேன் தலைவர் பாண்டி 'ஏலே விடு', 'ஏலே பிடி' என்று கத்துவார். நான் ஓரமாக நின்று, "பாத்து, பாத்து" என்பேன். இருபது வருஷத்தில் நான் சொன்ன 'பாத்து'வால் ஒரு மெஷினும் பார்த்து நடந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாரின் வீட்டு வாசலைத் தாண்டியதும் சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் ஸ்லாப். முன் குழாய் அதில் சறுக்கியது. மெஷின் இடது பக்கமாகச் சாய்ந்து, சட்டத்தின் இடது கால் ஸ்லாப்பின் விளிம்பில் இடித்து நின்றது. 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, சுள்ளியை ஒடித்தால் வருமே, அந்த அளவுதான். என்னையும் சேர்த்து ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குனிந்து பார்த்தேன். கிரீசும் அழுக்கும் அப்பிக் கிடந்த காலில் எதுவும் தெரியவில்லை. பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எது வேண்டுமோ அதையே சொன்னார்.

"ஒண்ணும் ஆகலண்ணே. சத்தம் ஸ்லாப்புல இருந்துதான் வந்துச்சு."

பச்சைப் பெயிண்ட்

ஊருக்குள்ளேயே பேகம்பூரில் என் ஷெட். அங்கே என் மெஷின்களைச் சுத்தம் செய்து ஓட வைப்பவர் காதர் பாய். பொறுமையான மனிதர், சொன்னதைச் செய்வார், சொல்லாததைக் கேட்க மாட்டார். மெஷின் வந்து இறங்கிய மறுநாள் நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்த இடது காலுக்குப் பக்கத்தில் போனேன். போய் நின்றேன். தட்டவில்லை. உங்களிடம் மறைப்பானேன், பயம்தான். தட்டினால் தெரிந்துவிடும். தெரியாதவரை அது நல்ல மெஷின். டாக்டரிடம் போகாமலே நாளைக் கடத்துகிறவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரிந்திருக்கும். "பாய், நல்லா மழமழன்னு பண்ணி பச்சை அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாலு நாளில் மெஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முதலில் பார்க்க வந்தவர், கொடைக்கானல் போகிற வழியில் காபி கடை நடத்துகிறவர். கடை வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்க ஒரு மெஷின் வேண்டுமாம், ஓட வேண்டிய அவசியம் இல்லையாம். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். காதர் பாயின் நாலு நாள் உழைப்பைக் காட்டி வருத்தமாகச் சொன்னார்:

"ஏண்ணே, துருவெல்லாம் சுரண்டிட்டீங்களே! துருப்பிடிச்சதா ஒண்ணு வந்தா எனக்குப் போன் போடுங்க."

பழனியிலிருந்து வந்தவர்

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆளே வரவில்லை; தைப்பூசம் நெருங்கும்போது வந்தவர் மரகதம். பழனியில் பஞ்சாமிர்தக் கடைகளுக்கும் ஸ்வீட் கடைகளுக்கும் அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிறவர். கணவர் இறந்தபின் தனியாகத் தொழிலை நடத்துகிறார். ஏற்கெனவே ஒரு மெஷின் இருக்கிறது, தைப்பூசத்துக்கு அது போதாது. மெஷினை யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். "நாந்தானுங்க" என்றார்.

அவர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினார், பலகைகள் மூடுவதைக் காது கொடுத்துக் கேட்டார், உள்ளே விரலை விட்டுத் தடவினார். நான் மோட்டாரைப் பற்றியும் பெல்ட்டைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்ட மாதிரியே இல்லை. கடைசியில் என் முகத்தை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார். நான், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றேன். நாக்கு கொஞ்சம் உலர்ந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ. அவர் கேட்டது இதுதான்:

"ஏனுங்கண்ணா, இது யாரு கையையாவது கடிச்சிருக்குதுங்களா? இனிமேலும் கடிக்காதுங்களா?"

காதர் பாய் போட்ட குண்டு

மெஷின் பழனிக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். நானும் காதர் பாயும் ஷெட்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தோம். வேறொரு கட்டிங் மெஷினைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் விரிசல் இருக்குமோ என்று நான் கேட்டேன். காதர் பாய் வடையை மென்றுகொண்டே, "இருந்தா என்ன தம்பி, அந்தப் பச்சை மெசினுக்குப் பண்ணுன மாதிரி பட்டி வச்சுத் தேச்சுரலாம்" என்றார்.

கையில் இருந்த வடையைக் கீழே வைத்தேன். "எந்தப் பச்சை மெசினு பாய்?" என்று கேட்டேன். எதுவென்று எனக்குத் தெரியாதா என்ன! பழனிக்குப் போனதுதான். இடது காலில் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்ததாம், பட்டி மாவைப் பூசி மறைத்துவிட்டாராம். பழைய விரிசலாக இருக்கும் என்று ஒரு கடைசி நம்பிக்கையோடு கேட்டேன். பழசாக இருந்தால் அத்தனை வருஷம் தாங்கினது இனியும் தாங்கும், பழியும் என்னுடையது இல்லை. காதர் பாய் இல்லையென்று தலையை ஆட்டினார். பழைய விரிசல் என்றால் உள்ளே துரு ஏறியிருக்குமாம். இது உள்ளே பளபளவென்று இருந்ததாம். சாரின் வாசல், சிமெண்ட் ஸ்லாப், 'டக்'. "ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"நீங்கதானே மழமழன்னு பண்ணச் சொன்னீங்க? தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன் தம்பி."

வீட்டில்

மரகதத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மெஷின் ஓடுகிற இடத்தில் போன் சத்தம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். போனை எடுக்கவில்லை என்றால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். மெஷின் ஓடுகிறது என்றால் அவர் கை உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மனிதன் பைத்தியமாக இந்த இரண்டு வரி போதும். ஒன்பது தடவை போட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளைக்குக் காலையில் போய்ப் பார்க்கட்டுமா, அல்லது காதர் பாயை அனுப்பட்டுமா, அல்லது தைப்பூசம் முடியட்டுமா என்று நானே மூன்று வழியும் சொல்லி, மூன்றுக்கும் நானே காரணமும் சொன்னேன். ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே என் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"சார் வீட்ல சுத்தியலைத் தூக்கக் கூச்சப்பட்டீங்க. அந்தம்மாகிட்ட பொய் சொல்ல மட்டும் கூச்சமா இல்லையாக்கும்? கெளம்புங்க மொதல்ல."

பழனி பஸ்

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் மாலை போட்ட பக்தர்கள். டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டையோடு ஒரு கூட்டம் ஏறியது. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை அழுத்திக்கொண்டே இருந்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு வந்த சுத்தியல் குத்தியது. இந்த நிமிஷம் கால் விட்டுப்போயிருக்குமோ, இந்த நிமிஷம் அவர் அட்டையைச் சரிசெய்யக் கையைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டிருப்பாரோ என்று ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு படம் ஓடியது. முருகனிடமும் வேண்டிக்கொண்டேன், மாதாவிடமும் வேண்டிக்கொண்டேன். யாருடைய எல்லைக்குள் வரும் விவகாரம் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் காவித்துண்டு போட்ட பெரியவர் ஒருவர் செத்த நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பழனிக்குப் போறவுக யாரும் இம்புட்டு பயந்து நான் பாத்ததில்ல. அப்படி என்ன தப்புத்தான் பண்ணுனீக?"

முதல் அட்டை

மரகதத்தின் ஷெட் வீட்டை ஒட்டியே இருந்தது. தெருவுக்கு வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. ஓடி வாசலில் நின்றேன். பச்சை மெஷினுக்கு முன்னால் மரகதம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வலது கை உள்ளே, இடது கை வெளியே. "நிறுத்துங்க!" என்று கத்த வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார். திரும்பும்போது கை எங்கே இருக்கும்? கத்தவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல், சுவர் ஓரமாகவே திருடன் மாதிரி நடந்து ஸ்விட்சை அடைந்தேன். அணைத்தேன். அணைத்த பிறகும் அந்தச் சக்கரம் எட்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. அந்த எட்டு சுற்றும் நான் மூச்சு விடவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுத்தியலை எடுத்து வலது காலில் தட்டினேன். ணங். இடது காலில் தட்டினேன். டொத். பெட்டி செய்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லாப்பில் இடித்ததையும், தட்டிப் பார்க்கப் பயந்ததையும், அன்றைக்கு அவர் கேட்டபோது வாய் கூசாமல், அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னதையும். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மரகதம் திட்டவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காதர் பாய் வந்து, காலின் இரண்டு பக்கமும் தடித்த இரும்புப் பட்டை வைத்து, துளை போட்டு, போல்ட் முறுக்கி முடிக்க இரண்டு நாள் ஆனது. இருந்த இன்னொரு மெஷின் வேறு பெட்டிக்கு ஓடிக்கொண்டிருந்ததால், அந்த இரண்டு நாளும் பஞ்சாமிர்தப் பெட்டியை அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்திரிக்கோலால் வெட்டினார்கள். நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து வெட்டினேன். கட்டை விரலில் கொப்புளம் வந்தது. யாரும் என்னோடு அதிகமாகப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பட்டை போட்டு முடித்ததும் காதர் பாய் தட்டிக் காட்டினார், வெறுமனே ஓட்டிக் காட்டினார், "இனி நூறு வருசத்துக்குக் கவலையில்லம்மா" என்றார். மரகதம் ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "மொத அட்டையை நீங்க போடுங்கண்ணா. வித்தவங்க கை மொதல்ல உள்ள போகட்டுமுங்க." இருபது வருஷமாக நூற்றுக்கணக்கான டிரெடில்களை வாங்கி விற்றவன் நான். ஓடுகிற மெஷினுக்குள் ஒரு தடவைகூடக் கையை விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. காதர் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மோட்டாரைப் போட்டார்கள். பலகைகள் திறந்தன, மூடின, திறந்தன. நாலு தடவை கையைக் கொண்டுபோய் நாலு தடவையும் இழுத்துக்கொண்டேன். ஐந்தாவது தடவை கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை உள்ளே வைத்தேன். வெட்டிய அட்டையை எடுத்து மரகதம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட்டை கோணலாத்தான் விழுந்திருக்குதுங்க. ஆனா கை முழுசா வெளிய வந்திருச்சு. சரி, தள்ளுங்க, நேரமாச்சு."

அன்றிலிருந்து நான் விற்கிற ஒவ்வொரு மெஷினிலும் முதல் அட்டையை நானேதான் போட்டுக் காட்டுகிறேன்; இப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியே கையை விடுகிற மெஷின் என்றால் அது நல்ல மெஷினாகத்தான் இருக்க வேண்டும் என்று வியாபாரத்தில் எனக்கு ஒரு நல்ல பெயரும் வந்துவிட்டது.